தாத்தா இறந்தது மன்மத வருஷமா, துர்முகி வருஷமா?

சட்ட ஆலோசனை: வாசகியின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

திருப்பூரில் வசிக்கும் ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மா பிறந்தது முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில். அம்மாவைப் பெற்ற தாத்தா 1949-ல் தன் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் நிலம் அங்கே இருக்கிறது. தாத்தாவுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். அந்த மகள்தான் வாசகியின் அம்மா. தாத்தா உயில் எதுவும் எழுதவில்லை. அவருடைய தாயார் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். பாட்டி 1974-ல் கிராமத்து வீட்டிலேயே இறந்தார், அவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. வாசகியின் அப்பா முன்பே போய்விட, அம்மா 2019-ல் திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். வாசகிக்கு ஒரு தம்பி. தாய்மாமன்கள் இருவரும் இப்போது இல்லை. மாமா மகன்கள் நிலத்தை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசகி பங்கு கேட்டபோது வந்த பதில்: "தாத்தா மன்மத வருஷமே, ஆடி அமாவாசைக்கு முந்தியே போய்ட்டார். அப்போ பொம்பளைப் பிள்ளைக்குப் பங்கு கொடுக்கச் சட்டமே கிடையாது." ஆனால் அம்மாவுக்கு அக்கா முறையாகும் 82 வயதுப் பெரியம்மா வேறு மாதிரி சொல்கிறார்: "துர்முகி வருஷம், ஆடி அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி. அதே வருஷம் ஐப்பசி போயி கார்த்திகையிலதான் அரியலூர்ல ரயில் கவுந்துச்சு."

கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டதில், 1980-க்கு முந்தைய ஏடு எதுவும் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். தாலுகா அலுவலக வாசலில் ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் எந்தத் தேதி வேண்டுமோ அந்தத் தேதியில் இறப்புச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அம்மாவின் இறப்புச் சான்றிதழில் பெயர் பாதிதான் இருக்கிறது. "சான்றிதழ் இல்லாவிட்டால் பங்கு போனதுதானா? அந்த ஆளிடம் பணம் கொடுக்கலாமா? 2022-ல் உச்ச நீதிமன்றம் 1956-க்கு முன்னால் இறந்தவர் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, அது போதாதா? இதையெல்லாம் செய்தால் மாமா மகன்களோடு உறவே அறுந்துவிடுமோ?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரிக்கு,

முதலில் அந்த 15,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "வயிற்றுவலி என்று திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனார்களாம், மூன்றாம் நாள் உடலாகத்தான் வந்தாராம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் இத்தனை நாளும் தேடியது தப்பான அலுவலகத்தில். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். இறந்தவர் எந்த ஊர்க்காரர், எங்கே எரித்தார்கள், கருமாதி எங்கே நடந்தது என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. தாத்தாவின் மூச்சு நின்றது திருச்சியில் என்றால், அன்றைய திருச்சிராப்பள்ளி நகராட்சியின் ஏட்டில்தான் அவர் பெயரை முதலில் தேட வேண்டும். அந்த நகராட்சி 1994-ல் மாநகராட்சி ஆனது. ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் மாநகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவு. கிராமத்து ஏட்டில் அந்தப் பெயர் இல்லாதது இயல்புதான்.

மாமா மகன்களும் பெரியம்மாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? இரு தரப்புமே ஆடி மாதம், அமாவாசைக்கு முன்னால் என்கிறார்கள். வருஷா வருஷம் திதி கொடுத்து வந்த குடும்பத்தில் மாதமும் திதியும் மறக்காது. வருஷம்தான் நழுவும். மன்மத வருஷத்து ஆடி என்றால் 1955. துர்முகி வருஷத்து ஆடி என்றால் 1956. பெரியம்மா சொல்வது சரியென்றால் தாத்தா இறந்தது 1956 ஆகஸ்ட் முதல் வாரம். நடுவில் 1956 ஜூன் 17-ஆம் தேதி இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் வழக்கு மொத்தமும் அந்த ஒரு தேதிக்கு முன்னாலா பின்னாலா என்பதில் நிற்கிறது.

தேதி மாறினால் பங்கு எவ்வளவு மாறும்

மாமா மகன்கள் சொல்வதுபோல 1955 என்றால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். அது சரியில்லை. 1955-ல் ஒரு இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மகன்கள் இருக்கும்போது அவருடைய தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு வராது. அதுவரை அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மனைவிக்கு வரும். 1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்கு ஒரு மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. விவசாய நிலத்துக்கும் அது செல்லும் என்று 1947-ல் மெட்ராஸ் மாகாணம் தனிச் சட்டம் போட்டது. ஆக 1955 என்றே வைத்துக்கொண்டாலும் பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 சென்ட். ஆயுளுக்கு மட்டும் அனுபவிக்கலாம் என்றிருந்த அந்த உரிமை, 1956 சட்டத்தின் 14-வது பிரிவால் பாட்டியின் முழுச் சொத்தாகிவிட்டது. பாட்டி 1974-ல் இறந்தபோது அந்த 80 சென்ட் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். உங்கள் அம்மாவுக்கு 26 சென்ட்டும் சொச்சமும் வரும். பாட்டி அந்த நிலத்தின் வருமானத்தில்தான் வாழ்ந்தார் என்பதைக் காட்ட வேண்டும், அவர் தன் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் போதும்.

1956 ஆகஸ்ட் என்றால் கணக்கு வேறு. மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நான்கு பேருக்கும் ஆளுக்கு 60 சென்ட். பிறகு பாட்டியின் 60 சென்ட்டில் உங்கள் அம்மாவுக்கு 20. மொத்தம் 80 சென்ட். அதில் பாதி உங்கள் தம்பிக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். கடிதம் முழுக்க "என் பங்கு" என்றே எழுதியிருக்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் தம்பியையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

ஆக நீங்கள் தேடப்போகும் ஒரு வரிப் பதிவின் மதிப்பு 53 சென்ட் நிலம். அதற்கு மேலே போகாது, அது கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்றும் ஆகாது. வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-ல் வந்த திருத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் வரும் உரிமை பற்றியது. தாத்தா சொந்தமாகக் கிரயம் வாங்கிய இந்த நிலத்துக்கு அது தேவையே இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த தீர்ப்புக்கு வருகிறேன். 2022 ஜனவரி 20-ஆம் தேதி வந்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கின் தீர்ப்பு அது. 1956-க்கு முன் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்து மகளுக்குப் போகும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அங்கே இறந்தவருக்கு மகன் இல்லை, ஒரே மகள். மகன்களும் இருக்கும் உங்கள் குடும்பத்துக்கு அதை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. இன்னொரு காரணத்துக்காக அந்தத் தீர்ப்பை உங்கள் வழக்கறிஞரைப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வழக்கிலும் ஆரம்பச் சண்டை இறந்த தேதியைப் பற்றியதுதான். ஒரு தரப்பு 1957 என்றது, மறு தரப்பு 1949 என்றது. விசாரணை நீதிமன்றம் 1949 என்றே முடிவுக்கு வந்தது. தேதியை நிரூபிக்க முடியாதவர் எப்படித் தடுமாறுவார் என்பது அதில் தெரியும்.

திருச்சி ஏட்டில் எப்படித் தேடுவது

பழைய பதிவேடுகள் பெயர் வரிசையில் இருக்காது. பதிவான நாள் வரிசையில் போகும். அதனால் "1950-லிருந்து 60 வரை தேடிக் கொடுங்கள்" என்று மனு கொடுத்தால் அங்கிருப்பவர் பெருமூச்சு விட்டு, "இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அத்தனை தடிமன் அந்த ஏடுகள். உங்களிடம் மாதமே இருக்கிறது. 1955 ஜூலை முதல் செப்டம்பர் வரை, 1956 ஜூலை முதல் செப்டம்பர் வரை என்று இரண்டே காலத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

1955-ஐயும் ஏன் தேட வேண்டும் என்று தோன்றலாம். பதிவு அங்கே இருந்தால் அதை எதிர்த் தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. 80 சென்ட் கேட்டு வழக்குப் போட்டுவிட்டு, நடுவில் 1955 சான்றிதழ் வெளியே வந்தால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய 26 சென்ட்டிலும் உங்கள் பேச்சு எடுபடாது.

பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், குலதெய்வப் பெயர், பத்திரத்தில் உள்ள பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருப்பது நம் பக்கம் சகஜம். 1949 கிரயப் பத்திரத்தில் உள்ள பெயரை முதலில் வையுங்கள். கூடவே அவருடைய அப்பா பெயர், சொந்தக் கிராமம், அப்போதைய உத்தேச வயது ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். நகராட்சி ஏடு ஆங்கிலத்தில் இருக்கலாம். அதில் எழுத்துக்கூட்டல் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். வயது ஐந்தாறு வருடம் முன்பின்னாக இருந்தாலும் கவலை வேண்டாம். தகப்பன் பெயரும் ஊரும் பொருந்தினால் நீதிமன்றம் ஏற்கும்.

தாத்தா எதனால் இறந்தார் என்று அதிலாவது தெரியுமா எனக் கேட்டிருந்தீர்கள். தெரியாது. ஏட்டில் காரணம் எழுதியிருந்தாலும், வெளியே தரும் நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது.

பாட்டிக்காகக் கிராமத்து ஏடு

பாட்டியின் கதை வேறு. அவர் வீட்டிலேயே இறந்தார், அதுவும் 1969 சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 1970 ஏப்ரலுக்குப் பிறகு. அந்தக் காலத்தில் கிராமத்தில் இறப்பை எழுதி வந்தவர் கிராம முன்சீப். உங்கள் பக்கம் மணியக்காரர் என்று சொல்லியிருப்பார்கள். தலையாரி வந்து சொல்ல அவர் எழுதிக்கொள்வார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியையே ஒழித்தது. கர்ணமும் மணியமும் போய், பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1980-க்கு முந்தையது தன்னிடம் இல்லை என்று உங்கள் வி.ஏ.ஓ. சொன்னதன் பின்னணி இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் "என்னிடம் இல்லை" என்பதை "எங்கேயும் இல்லை" என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

கிராமத்தின் நடப்புப் பதிவுகள்தான் வி.ஏ.ஓ.விடம் இருக்கும். பழையவை தாலுகா அலுவலகத்துக்கும் அங்கிருந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்ச் சேருவது வழக்கம். பத்திரம் பதியும் அதே அலுவலகம்தான். அங்கே பிறப்பு இறப்பு ஏடும் இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, தாலுகாக்களும் மாவட்டங்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. உங்கள் கிராமம் 1974-ல் எந்தத் தாலுகாவில், எந்த சார்பதிவாளர் எல்லையில் இருந்தது என்று பழைய பத்திரத்தின் தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு போங்கள். இன்றைய பெயர்ப் பலகையை நம்பிப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

வாய்மொழியாக "இல்லை" என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள். அதில் "என் பாட்டியின் சான்றிதழ் வேண்டும்" என்று கேட்காதீர்கள், அதற்குத் தனி மனு இருக்கிறது என்று திருப்பிவிடுவார்கள். இந்தக் கிராமத்தின் 1974-ஆம் ஆண்டு இறப்புப் பதிவேடு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது? அழிக்கப்பட்டிருந்தால் அழிக்கச் சொன்ன உத்தரவின் நகல் எங்கே? ஏட்டை நான் நேரில் பார்வையிட எந்த நாளில் வரலாம்? இப்படிக் கேளுங்கள். வேறு அலுவலகத்துக்குரிய கேள்வி என்றால் ஐந்து நாளில் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. நேரில் போனபோது காணாமல் இருந்த ஏடு, அழித்த உத்தரவைக் கேட்டு எழுதியதும் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்ததை என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் பாட்டியின் பதிவு கிடைக்கவில்லை என்றால், பதிவு இல்லை என்று படிவம் 10-ல் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அலுவலகங்களில் இதை நான்-அவைலபிலிட்டி சான்று என்பார்கள். அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு செய்யலாம். ஒரு வருடத்துக்கு மேல் பதியாத இறப்பை முன்பெல்லாம் நீதித்துறை நடுவரின் உத்தரவோடு பதிய வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவரே விசாரித்து உத்தரவிடலாம். பாட்டி 1974-ல் இறந்தார் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆகவே அவருக்கு இந்த வழி நல்ல வழி.

தாத்தாவுக்கு ஏன் தாமதப் பதிவு வேண்டாம்

தாத்தாவுக்கும் இதையே செய்துவிடலாமே என்று தோன்றும். வாசலில் நிற்கும் அந்த ஆள் செய்யப்போவதும் ஏறக்குறைய இதுதான். இரண்டு சாட்சி, ஒரு பிரமாணப் பத்திரம், நீங்கள் சொல்லும் தேதி. ஒருவேளை நேரடியாகப் போலிச் சான்றிதழே அச்சடித்துக் கொடுப்பார். போலி என்றால் அது ஆவண மோசடிக் குற்றம். அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்பவர் நீங்கள்தான், அவர் இல்லை. பிறகு உங்கள் உண்மையான 26 சென்ட்டையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

போலி இல்லாமல் முறைப்படியே தாமதப் பதிவு செய்தாலும், தகராறு முளைத்த பிறகு, தகராறுக்கு உரியவரே கேட்டு வாங்கிய பதிவு அது. எதிர் வழக்கறிஞர் ஒரே கேள்வி கேட்பார்: "இந்தப் பதிவு எந்த ஆண்டு செய்யப்பட்டது?" நீங்கள் பதில் சொன்னதும் உட்கார்ந்துவிடுவார். 1956-ல் நகராட்சி எழுத்தர் ஒருவர், உங்கள் அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் பின்னாளில் சண்டை வரும் என்றே தெரியாமல் எழுதிய ஒரு வரிக்கு உள்ள பலம் இதற்கு வராது. இறப்புப் பதிவில் மட்டுமில்லை, வேறு எந்தக் காகிதத்திலும் நீங்கள் தேட வேண்டியது அந்தப் பலத்தைத்தான்: சண்டைக்கு முன்னால், சண்டையோடு சம்பந்தமில்லாதவர் எழுதியதா?

அந்தக் கண்ணோடு பார்த்தால் திருச்சி ஏட்டில் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி சார்பதிவாளர் அலுவலகம். கணினியில் வில்லங்கம் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைக் கைமுறையாகத் தேட மனு கொடுக்க வேண்டும். சொத்து வாரியாக மட்டும் கேட்காமல், பெயர் அட்டவணையில் தாத்தாவின் பெயரில் 1955 ஆகஸ்ட் முதல் 1957 முடிய தேடச் சொல்லுங்கள். அவர் அடமானமோ கடன் பத்திரமோ கிரயமோ 1955 ஆகஸ்ட்டுக்குப் பிறகு எழுதிக் கொடுத்திருந்தால் போதும். பத்திரம் எழுதிக் கொடுப்பவர் பெருவிரல் ரேகை வைத்திருப்பார். மன்மத வருஷ ஆடியில் இறந்தவர் அடுத்த சித்திரையில் ரேகை வைக்க முடியாது. இறந்த தேதியை நிரூபிக்க முடியாத இடத்தில், இன்ன தேதியில் உயிரோடு இருந்தார் என்று நிரூபித்தாலே உங்கள் வேலை பெரும்பகுதி முடிந்துவிடும்.

மறுபக்கமும் பாருங்கள். 1956-57-ல் பாட்டி, மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக ஏதாவது பத்திரம் எழுதியிருந்தால் அதில் "எனது கணவர் காலஞ்சென்ற" என்று வரும். சில சமயம் எப்போது காலமானார் என்றும் இருக்கும். கூட்டுறவுச் சங்கக் கடன் லெட்ஜர், அம்மாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கருமாதிச் செலவை யாராவது எழுதி வைத்த நோட்டு, இவற்றையும் ஒரு கை பாருங்கள். கருமாதி நோட்டு என்றால் சிரிக்காதீர்கள். தேதி போட்டு, கடைக்காரர் பெயரோடு, மை வெளுத்துப்போன பழைய நோட்டை நீதிபதிகள் அக்கறையாகப் பார்ப்பார்கள்.

பெரியம்மாவின் சாட்சி

பெரியம்மாவின் நினைவை நீங்கள் "கிழவி பேச்சு, கோர்ட்டில் எடுபடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறுமனே "துர்முகி" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால், யாரோ சொல்லிக் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். அவர் அரியலூர் விபத்தோடு முடிச்சுப் போடுகிறார். மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்தது 1956 நவம்பர் 23. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அரியலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. 13 வயதுப் பெண்ணுக்கு அந்தச் செய்தி மறந்திருக்காது. நவம்பர் 23 கார்த்திகையில் வருகிறது, அவர் சொல்வதும் கார்த்திகைதான். குறுக்கு விசாரணையில் வருஷப் பெயரில் தடுமாறினாலும் இந்த முடிச்சில் தடுமாற மாட்டார்.

ஆனால் அவருக்கு வயது 82. வழக்குப் போட்டு, சாட்சி விசாரணை வர வருடக் கணக்காகும். வழக்குத் தாக்கலானதும், சிவில் நடைமுறைச் சட்டத்தில் 18-வது கட்டளையின் 16-வது விதிப்படி, இவரை மட்டும் உடனே விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று மனுப் போடச் சொல்லுங்கள். அதுவரை அவரிடம் போய்த் திரும்பத் திரும்ப "துர்முகிதானே, துர்முகிதானே" என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று ஆகிவிடும்.

அம்மாவின் சான்றிதழ் விஷயம் சின்னதுதான். 2018 முதல் பதிவான இறப்புகளை பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாநில அரசின் சி.ஆர்.எஸ். இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். 2019 பதிவு அதில் இருக்கும். பெயர் பாதியாக இருப்பதைத் திருத்தப் பதிவு செய்த இடத்தில், அதாவது திருப்பூர் மாநகராட்சியில், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவின் கீழ் மனுக் கொடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அதைத் திருத்திய பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்குப் போங்கள். முன்னால் போனால் பெயர் வேறுபாட்டைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழ் கிடைத்தால் நிலம் உங்களுடையதாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். ஆகாது. யார் வாரிசு என்று மட்டுமே அது சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. தகராறு உள்ள இடத்தில் அதைச் சிவில் நீதிமன்றம்தான் சொல்ல முடியும்.

விற்பனை பேச்சு நடப்பதால் ஒரு காரியத்தை ஏடு தேடி முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம். பட்டா மாறுதல் செய்யக் கூடாது என்று வட்டாட்சியருக்கு இப்போதே எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரு வழக்கறிஞர் மூலம் மாமா மகன்களுக்கும், வாங்க வருபவர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் நோட்டீஸ் அனுப்பலாம். பாகப்பிரிவினை வழக்குப் போட்டுவிட்டால் அதன் பிறகு வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கிறது. ஆனாலும் "உனக்குப் பங்கே இல்லை" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கால வரம்பு ஓடுகிறது என்று வாதம் வரும். எதையும் ஆற அமரச் செய்யலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

மாமா மகன்களோடு பேசுவதைப் பற்றி. பேசுங்கள், நானும் அதையே விரும்புவேன். பதிவு 1956 என்று வந்தால் அவர்களுக்கே தெரியும், நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று. 1955 என்று வந்தால் 26 சென்ட்டை மட்டும் கேட்டு, அதைப் பணமாகவே வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் விற்கத்தான் போகிறார்கள் என்பதால் இது அவர்களுக்கும் ஏற்பாக இருக்கும். உடன்பாடு வந்தால் பதிவு செய்த பத்திரமாகவே முடியுங்கள், வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பேசப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். 1949 கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ் மட்டும் கையில் இருக்கட்டும், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.